தமிழியலுக்கு ஆய்விதழ் தந்த தனிநாயக அடிகளார்

முன்னுரை

ஒரு மொழி வளமுடையதாக இருத்தல் வேறு. அவ்வளம் பிறரால் அறியப்படுதல் வேறு. முன்னது புலவர்களாலும் அவர்களைப் போற்றிய மக்களாலும் அமைவது. பின்னதற்குத் தூதர்கள் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் தமிழுக்கு அவ்வாறு வாய்த்த தூதர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சேவியர் தனிநாயக அடிகளார்.

உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்டவர் என்ற அளவில் அடிகளாரை நம் மாணவர்கள் அறிவர். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக அவர் பெயர் வந்து போவதும் உண்டு. ஆயின், அம்மாநாடுகள் தோன்றுவதற்குப் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் ஓர் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார் என்பதையும், மாநாடு என்னும் மரத்துக்கு அவ்விதழே வேராக அமைந்தது என்பதையும் அறிந்தவர் சிலரே. எனவே அடிகளாரின் வாழ்வை அவ்விதழை நடுவாக வைத்து இக்கட்டுரையில் காண விழைகின்றோம்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர். தனிநாயகம் என்பது முன்னோர் வழிவந்த பெயர். தமிழ்ப்பணியில் இறங்கிய பின்னர் அதனையே தம் பெயராக விரும்பி ஏற்றுக்கொண்டார்.

ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் அவர் பயின்றார். அக்காலத்துக் கல்லூரிகளில் ஆங்கிலமே கோலோச்சியது. தமிழுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. பின்னர்க் கொழும்பில் குருமடக் கல்வி பெற்று, 1934இல் உரோமாபுரி சென்றார். அங்கே இறையியல் கற்று, 1938இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தொன்மைக் காலக் கார்த்தேசு நகரத்துத் திருச்சபைக் குருமாரைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

இலத்தீனம், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகள் அவருக்கு இக்காலத்தில் கைவந்தன. தாய்மொழியாகிய தமிழோ பேச்சளவில் நின்றிருந்தது. பிறமொழிப் பேரிலக்கியங்களைச் சுவைக்கச் சுவைக்க, தம் மொழியின் இலக்கியத்தைத் தாம் அறியவில்லையே என்னும் ஏக்கம் அவர் உள்ளத்தில் வளர்ந்தது. உரோமையில் உடன்பயின்ற தமிழ் மாணவர்களோடு வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் கண்டது அவ்வேக்கத்தின் முதல் வெளிப்பாடு. அயல்நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற ஒருவரின் பெயரை, அயல்நாட்டில் இருந்து தமிழை நினைத்த இளைஞர்கள் சூட்டிக்கொண்டனர்.

வடக்கன்குளமும் அண்ணாமலை நகரும்

1940ஆம் ஆண்டில் அடிகளார் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்திற்கு வந்து, புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் பணியேற்றார். அங்கேதான் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரை ஆசிரியராகக் கொண்டு முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், முப்பதை நெருங்கும் அகவையில், தம் மாணவர்கள் கற்கும் இலக்கணத்தைத் தாமும் ஒரு மாணவராக அமர்ந்து கற்றார். கத்தோலிக்கக் குரு ஒருவர் அந்தணப் புலவர் ஒருவரிடம் பாடம் கேட்ட அக்காட்சி, தமிழ் யாரையெல்லாம் ஒரே திண்ணையில் அமர்த்தும் என்பதற்குச் சான்று. கற்க வெட்கப்படாமையே அவர் பின்னாளில் பெற்ற பெருமைக்கெல்லாம் முதல் எனலாம்.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். பேராசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியார் போன்றோரின் வழிகாட்டலில் சங்க இலக்கியத்தில் ஆழ்ந்தார். பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார். அவ்வாய்வே பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து, 1966இல் திருத்திய வடிவம் பெற்றது. கிரேக்க, இலத்தீன் கவிஞர்கள் இயற்கையைக் கண்ட முறையையும் நம் திணைமரபையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டமையே அந்நூலின் தனிச்சிறப்பு. ஐந்திணை என்பது வெறும் பாடல் இலக்கணம் அன்று. நிலமும் பொழுதும் தொழிலும் உணர்வும் இயைந்த ஒரு வாழ்வியல் நோக்கு என்பதை, தமிழ் அறியாத வாசகரும் ஏற்கும்படி அதில் விளக்கினார். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் என்னும் அமைப்பையும் நிறுவினார்.

பயணம் காட்டிய குறை

1949ஆம் ஆண்டுக்குப் பின் அடிகளார் மேற்கொண்ட நெடும்பயணம் அவர் வாழ்வின் திருப்புமுனை. மலாயா, சப்பான், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல நாடுகளில் தமிழ் இலக்கியம், தமிழர் பண்பாடு குறித்து உரையாற்றினார். கேட்டவர்கள் வியந்தனர். அவ்வியப்பே அவருக்கு ஒரு குறையையும் உணர்த்திற்று.

அக்காலத்து மேலைப் பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் என்றால் பெரும்பாலும் வடமொழிக் கல்வி என்றே பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், குறிப்பாக அமெரிக்காவில், ஒரு நிலப்பகுதியின் மொழி, வரலாறு, சமயம், அரசியல், பொருளியல், கலை ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் நிலப்பகுதி ஆய்வு என்னும் புதுமுறை வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கெனத் துறைகளும் இதழ்களும் தோன்றின. தென்னாசியா என்னும் தலைப்பின்கீழ்த் தமிழ்நிலமும் அவ்வாய்வுக்குள் வரவேண்டியதே. ஆனால் தமிழ் பற்றி எழுத விரும்பும் அறிஞன் எதைப் படிப்பான்? எந்த இதழில் எழுதுவான்? எழுதியதை யார் படிப்பார்?

தமிழகத்தில் ஆய்விதழ்களே இல்லை என்று கூறுதல் தகாது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழும், பின்னர்த் தோன்றிய செந்தமிழ்ச் செல்வியும் அரும்பணி ஆற்றின. ஆயினும் அவை தமிழில் அமைந்தமையால் தமிழறிந்தார்க்கே பயன்பட்டன. ஆங்கிலத்தில் 1897இல் நல்லசாமிப் பிள்ளை தொடங்கிய சித்தாந்த தீபிகையும், அதன்பின் பண்டிதர் சவரிராயர் வெளியிட்ட தமிழியன் ஆன்டிகுவரியும் நல்ல முயற்சிகள்; எனினும் அவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1950ஆம் ஆண்டளவில், தமிழறியாத உலக ஆய்வாளர் கையில் கொடுக்கத் தமிழுக்கென ஓர் ஆங்கில ஆய்விதழ் நிலையாக இருக்கவில்லை. ஒரு சொற்பொழிவு, கேட்டவர் கலைந்ததும் காற்றோடு கலந்துவிடும். ஓர் இதழோ நூலக அடுக்கில் அமர்ந்து, இன்னும் பிறவாத வாசகனுக்காகக் காத்திருக்கும். அடிகளார் இதழைத் தேர்ந்தார்.

இதழின் தோற்றமும் இயல்பும்

1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழின் முதல் இதழ் வெளிவந்தது. அடிகளார் அதன் முதன்மையாசிரியர். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே தொடக்கத்தில் அதனை வெளியிட்டது. பின்னர்ச் சென்னையில் தோன்றிய தமிழ்ப் பண்பாட்டுக் கழகம் அப்பொறுப்பை ஏற்றது. ஒரு தலைநகரத்துப் பெரும்பல்கலைக்கழகம் அன்று, துறைமுக நகரம் ஒன்றின் சிறு கழகமே இப்பெரும்பணியைத் தொடங்கி வைத்தது என்பதை நம் கல்லூரிகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

அவ்வாண்டிலேயே அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராகப் பொறுப்பேற்றார். வகுப்பு ஒரு நாட்டில், இதழ் மற்றொரு நாட்டில் என்ற நிலை. கடலுக்கு அப்பால் இருந்தே கட்டுரைகளைப் பெற்று, ஆராய்ந்து, செப்பம் செய்து இதழைப் பேணவேண்டியிருந்தது. மின்னஞ்சல் இல்லாத காலத்தில் ஒரு கட்டுரை ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு, ஆசிரியரை அடைந்து, அச்சகம் சேர்ந்து, மெய்ப்புப் பார்க்கப்பட்டு வெளிவருவதற்கு எத்தனை திங்கள்கள் சென்றிருக்கும் என்பதை ஒருமுறையேனும் மலர் தயாரித்தவர்கள் உணர்வர்.

இவ்விதழின் இயல்புகளாக மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது, அதன் பெயரே நோக்கத்தைச் சொல்லிற்று. மொழி என்றோ இலக்கியம் என்றோ பெயரிடாமல் பண்பாடு என்று பெயரிட்டார். ஆகவே இலக்கியத்தோடு மொழியியல், வரலாறு, சமயம், கல்வி, கலை, கடல்கடந்த தொடர்புகள் ஆகிய பல துறைக் கட்டுரைகளும் ஒரே அட்டைக்குள் இடம்பெற்றன. இலக்கிய மாணவன் வரலாற்றையும் வரலாற்று மாணவன் மொழியியலையும் எதிர்கொள்ள நேர்ந்தது. இன்று தமிழியல் என நாம் வழங்கும் பரந்த பொருளுக்கு அவ்விதழ் ஒரு முன்வரைவு.

இரண்டாவது, அது எல்லார்க்கும் திறந்த வாயிலாக இருந்தது. தமிழகத்துப் பேராசிரியர்களோடு பிரான்சு நாட்டு ழான் பிலியோசா, செக் நாட்டு கமில் சுவலபில் போன்றோரும் அதில் எழுதினர். ஆசிரியர் ஒரு குரு. ஆனால் இதழ் திருச்சபை இதழ் அன்று. ஓர் ஆய்வு ஏற்கத்தக்கதா என்பதற்கு அதன் சான்றுகளே அளவுகோலாக இருந்தன.

மூன்றாவது, அது புகழ்மொழிக்கு இடம் தரவில்லை. தமிழின் தொன்மையை வெறும் முழக்கமாகக் கூறினால் அயலவர் புன்முறுவலோடு கடந்து செல்வர் என்பதை அடிகளார் தம் பயணங்களில் உணர்ந்திருந்தார். அறிஞர் மறுக்கலாம்; மறுப்பதற்கேனும் படிக்கவேண்டிய முறையில் எழுதுக என்பதே இதழ் வகுத்த நெறி. தமிழ்ப்பற்று மிக்க ஒருவர் அப்பற்றை ஆய்வின் கட்டுக்குள் நிறுத்திக்கொண்டது எளிய செயல் அன்று.

நூலகங்களில் கண்ட புதையல்

இதழாசிரியர் பிறர் எழுத்தைத் திரட்டியதோடு அமையவில்லை, தாமும் தேடினார். ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்த தமிழ்ச் சுவடிகளையும் பழைய அச்சுநூல்களையும் நேரிற் கண்டு, 'தமிழ் கல்ச்சர்' இதழில் கட்டுரைகள் வரைந்தார். 1554இல் லிசுபன் நகரில் அச்சான சமய வினாவிடைச் சிறுநூலை அவர் அறிஞர் உலகின் பார்வைக்குக் கொணர்ந்தார். அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அமைந்திருந்தன. தமிழ் எழுத்தாலேயே 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், அதனை அடுத்து வந்த கிரீசித்தியானி வணக்கம், 1586இன் அடியார் வரலாறு ஆகியவற்றையும் பற்றி எழுதினார். இந்திய மொழிகளுள் அச்சேறியதில் தமிழே முதன்மை பெற்றது என்னும் வரலாறு இவற்றால் ஐயமின்றி நிலைபெற்றது.

அன்டோ டி புரோயன்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. 1966இல் அதனை ஒளிப்படப் பதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் வழங்கிய தமிழ்ச் சொற்களை அறிய விரும்புவோர்க்கு அவ்வகராதி ஒரு கருவூலம்.

தென்கிழக்காசியாவில் தமிழ்ப் பண்பாட்டின் தடங்களையும் அவர் ஆராய்ந்தார். தாய்லாந்தின் அரச சடங்குகளில் திருவெம்பாவையின் எச்சம் நிலவுவதை எடுத்துரைத்தார். 1955 முதல் 1957 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனைகளை ஆய்ந்து இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். இவையெல்லாம் தனித்தனிச் செயல்களாகத் தோன்றினும், தமிழ்நிலத்தைப் பல துறைகளின் கண்கொண்டு பார்த்தல் என்னும் ஒரே நூலிற் கோத்த மணிகளே.

இதற்கிடையே 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது. அடிகளார் தமிழின் உரிமைக்காகப் பேசினார், எழுதினார். தூதர் பணி என்பது அயலார்க்குத் தமிழைப் புகழ்ந்துரைப்பது மட்டும் அன்று, வீட்டில் அதற்கு இடர் நேரும்போது வாய் திறப்பதும் ஆகும் என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

இதழிலிருந்து இயக்கம்

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவராக அடிகளார் பொறுப்பேற்றார். ஒரு பத்தாண்டுக் காலம் இதழின் வழியே கடிதத் தொடர்பு கொண்டிருந்த அறிஞர்கள் இப்போது உலகெங்கும் ஒரு வலைபோல் அமைந்திருந்தனர். அவர்களை ஓரிடத்தில் கூட்டுவதே எஞ்சியிருந்தது. 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆவது பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளர்களைத் தனியே கூட்டி, பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் முதலியோரின் துணையுடன், சனவரி 7ஆம் நாள் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். பிலியோசா தலைவரானார், அடிகளாரும் சுவலபிலும் செயலாளர்கள். இதழின் பக்கங்களில் சந்தித்தவர்களே மன்றத்தின் மேசையிலும் அமர்ந்தனர் என்பது கருதத்தக்கது.

1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடிற்று. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் மாநாடு 1968இல் சென்னையிலும், மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசிலும், நான்காம் மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்திலும் நிகழ்ந்தன. பிறந்த மண்ணில் நடந்த அந்த மாநாட்டின் நிறைவில், 1974 சனவரி 10ஆம் நாள், காவல்துறையின் நடவடிக்கையை அடுத்து மக்கள் சிலர் உயிரிழந்த துயரம் அடிகளாரின் கண்முன்னேயே வந்து சேர்ந்தது. ஆய்வுக்கெனக் கூடிய அவை, இரங்கலுடன் கலைந்தது.

முதல் மாநாடு கூடிய அதே 1966ஆம் ஆண்டோடு 'தமிழ் கல்ச்சர்' நின்றுபோயிற்று என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்திருந்தன. வெற்றியின் ஆரவாரத்தினிடையே அதனை ஈன்ற இதழ் ஓசையின்றி ஓய்ந்தது. ஆனால் அடிகளார் ஓயவில்லை. 1969இல் மன்றத்தின் சார்பில் 'ஜர்னல் ஆஃப் தமிழ் ஸ்டடீஸ்' என்னும் புதிய ஆய்விதழைத் தொடங்கினார். 1970இல் சென்னையில் நிறுவப்பெற்ற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடாக அது பின்னர்த் தொடர்ந்தது. தாம் தொடங்கிய ஒன்று நின்றபின், ஐம்பதைக் கடந்த அகவையில் மீண்டும் முதல் தொகுதி, முதல் எண் என்று எழுதுவதற்கு எத்துணை உறுதி வேண்டும்!

பணி ஓய்வுக்குப் பின்னும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வருகைப் பேராசிரியராகத் தமிழ் பேசிவந்த அடிகளார், இறுதிக்காலத்தில் யாழ்ப்பாணம் திரும்பி, 1980 செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டு சனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு அவர் இன்றியே கூடிற்று.

நாம் கண்ட ஏடுகள்

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் மிகையாகாது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காகத் திணைக்கோட்பாட்டை ஆய்ந்தகாலை, ஒரு நூலகத்தில் 'தமிழ் கல்ச்சர்' தொகுதிகளைத் தேடிப் பெற்றோம். தூசி தட்டித் திறந்தபோது, பல தாள்களின் மேல்மடிப்பு அறுக்கப்படாமல் இருந்தது. இரவல் சீட்டில் தேதி முத்திரை ஒன்றுகூட இல்லை. வந்த நாள்முதல் அவ்விதழ்களை எவரும் படிக்கவில்லை! நூலகரின் இசைவு பெற்று, மழிதகடு ஒன்றால் ஒவ்வொரு மடிப்பாக அறுத்துப் படித்தோம். கடல்கடந்த நாட்டு அறிஞர்களுக்காக ஒருவர் உழைத்துத் தந்த ஏடு, அவர் தமிழ் கற்ற நாட்டிலேயே அரை நூற்றாண்டு வாய்மூடிக் கிடந்தமை நம் நெஞ்சை வருத்தியது.

பின்னாளில் நாமும் நண்பர் சிலரும் சேர்ந்து, தமிழ், வரலாறு, பொருளியல் ஆகிய துறைகளை இணைத்து ஓர் ஆய்விதழ் தொடங்கினோம். இரண்டு இதழ்களோடு அது நின்றது. பணமின்மையே காரணம் என்று அன்று நமக்கு நாமே கூறிக்கொண்டோம். அடிகளாரின் வரலாற்றை மீண்டும் கற்கும் இந்நாளில் உண்மை விளங்குகின்றது. எழுதியவரெல்லாம் நம் துறையினர், படித்தவரும் அவர்களே. வெளியார் ஒருவரிடமும் கட்டுரை கேட்கவில்லை. வந்த கட்டுரை ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. பிற கல்லூரி நூலகம் ஒன்றுக்கும் படி அனுப்பவில்லை. பதவி உயர்வுக்கு ஒரு வெளியீடு என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. வாசகனை நினையாமல் தொடங்கிய இதழ் எவ்வாறு வாழும்? குறை நம்முடையதே.

முடிவுரை

அடிகளாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவன பல. அறியாததை எந்த அகவையிலும் கற்கலாம் என்பது ஒன்று. தன் துறைக்கு அப்பாலும் கண்ணைச் செலுத்தினால்தான் தன் துறையே விளங்கும் என்பது மற்றொன்று. பற்று எவ்வளவு பெரிதாயினும் சான்றின் முன் பணிந்து நிற்கவேண்டும் என்பது மூன்றாவது.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறி அமைவோம். இணையத்தில் ஒரு நொடியில் ஆயிரம் பக்கங்கள் விரியும் காலம் இது. எனினும் படிக்கப்படாத பக்கம், திரையில் இருந்தாலும் அடுக்கில் இருந்தாலும், மடிப்பு அறுக்கப்படாத தாளே. அடிகளாருக்கு மாலையிடுவதற்கு முன்னர் அவர் நடத்திய இதழின் ஒரு கட்டுரையையேனும் எழுத்தெண்ணிப் படியுங்கள். படித்ததைப் பற்றி வரலாற்றுத்துறை நண்பர் ஒருவரோடு உரையாடுங்கள். கல்லூரிப் பெரியோர்களும் பேராசிரியப் பெருமக்களும் மனம் வைத்தால், நம் துறைகள் இணைந்து மீண்டும் ஓர் ஆய்விதழ் தொடங்குதல் அரிதன்று. இம்முறை வெளியார்க்கும் வாயில் திறந்து, முதல் படியை நமக்கு அறிமுகமே இல்லாத ஒரு வாசகருக்கு அனுப்பித் தொடங்குவோம்.